பெரணிக்கு என் பெயர் வேண்டாம்

சேகர்,

நான் சௌக்கியம். உன் நைனாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. அடுத்த மாதம் உன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு, நானும் நைனாவும் கட்டாயம் மெட்ராஸ் வர வேண்டும், நான் அந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வர வேண்டும், உன் பேராசிரியர் எல்லார் முன்னாலும் எனக்குச் சால்வை போர்த்தப் போகிறார், ஏனென்றால் நீ கண்டுபிடித்த புதுப் பெரணிச் செடிக்கு என் பெயரை வைத்திருக்கிறாய். இவ்வளவையும் குண்டு குண்டாக எழுதிவிட்டு, இன்லண்டு கடிதத்தின் ஓரத்தில், ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், 'அந்தத் தொட்டி விஷயத்தை விட்டுடும்மா' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. உன் நைனாதான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

விட முடியாது. ஏன் விட முடியாது என்று இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டேன். நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ அதை உனக்கு வசதியான மாதிரி திருப்பி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் நடந்தது நடந்தபடி என் வாயால் ஒருமுறை கேள். நடுவில் குறுக்கே பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் இருக்கிற ஒரே சௌகரியம்.

முந்தின வருஷக் கோடையில் நீ உன் ஆராய்ச்சிக் கூட்டத்தோடு இங்கே வந்தாய். பள்ளிப்பட்டு ரோட்டில் இருக்கிற பாறைச் சரிவில் ஏறி, அக்கினி நட்சத்திரத்தில் வெந்து, சாயங்காலம் கறுத்துப்போய்த் திரும்பினாய். தகர டப்பாவைத் திறந்து ஒரு குட்டிப் பெரணியை எடுத்து என் கையில் வைத்தாய். இலை உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அடிப்பக்கம் முழுக்க அடர்ந்த பழுப்புச் செதில், ஓரங்கள் உள்ளே சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. 'இது மாதிரி எங்கேயும் இல்லம்மா, இது புதுசு' என்றாய். உன் கண்ணைப் பார்த்ததும் எனக்கும் தொற்றிக்கொண்டது. நானும் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள்தான். இத்தனை வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு நான் வாத்தியாரம்மாவாகப் பார்க்கவில்லை, உன் அம்மாவாகத்தான் பார்த்தேன்.

போன ஐப்பசியில் ஆராய்ச்சிப் பத்திரிகையில் உன் கட்டுரை அச்சாகி வந்தது. செடியின் படம், லத்தீனில் வர்ணனை, பெயரின் கடைசியில் லத்தீன் வால் ஒட்டிய என் பெயர். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். பள்ளிக்கூடத்துக்கு அதைக் கைப்பையில் வைத்து எடுத்துப்போனேன், தலைமையாசிரியை கேட்காமலே காட்டினேன். உன் நைனா என்னையும் மிஞ்சிவிட்டார். அந்தப் பத்திரிகையை மலைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய், முருகன் காலடியில் வைத்து வாங்கி, விபூதியோடு திரும்பக் கொண்டுவந்தார். வழியில் பார்த்தவரிடம் எல்லாம், "எம் பையன் அவங்க அம்மா பேர்ல ஒரு செடி வச்சிருக்கான்" என்று சொல்லிவைத்தார். பால்காரர் மறுநாள் என்னிடம், "செடி இன்னா வெல போவும்மா?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்!

மார்கழியில் ஒருநாள் காலை, நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லியான பெண், கையில் ஒரு மண் தொட்டி, அதன்மேல் ஈரத் துணி. பொதட்டூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பாவாடை முழுக்க ஈரம்.

"அம்மா, நானு வசந்தாங்க. சேகர் சார் கூடதான் லேப்ல படிச்சிகினு இருந்தேன். உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். காட்டிட்டுப் போயிடறேன்."

"இருந்தேன்னா? இப்ப இல்லையா?" என்று கேட்டேன்.

"வர வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். அந்தக் கோடையில் உங்கள் கூட்டத்தில் அவளும் வந்திருக்கிறாள். எல்லாரும் செடிகளைச் செய்தித்தாளில் மடித்து அழுத்தி வைத்தபோது, இவள் மட்டும் இரண்டு செடிகளை வேரோடும் கொஞ்சம் மண்ணோடும் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறாள். அவள் வீடு நெசவு வீடு. அப்பா குழித்தறியில் நெய்கிறவர். தறிக்குழிப் பக்கம் எப்போதும் தரையை நனைத்து வைத்திருப்பார்களாம். காற்று காய்ந்தால் பாவு நூல் அறுந்துபோகும் என்று அவர் காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளிப்பாராம். அந்த ஈரத்தில், ஜன்னலுக்குக் கீழே, இரண்டு தொட்டிகளில் வைத்திருக்கிறாள். கொஞ்ச நாளில் பழைய குட்டி இலைகளுக்கு நடுவிலிருந்து புது இலை சுருள் சுருளாக எழும்பியிருக்கிறது. விரிந்ததும் பார்த்தால், சாண் நீளம், மெல்லிசு, பளிச்சென்ற பச்சை, செதில் அங்கொன்று இங்கொன்று. நம் பக்கத்து மலைகளில் மழைக்காலத்தில் எந்தப் பாறை இடுக்கைப் பார்த்தாலும் நிற்கிற அதே சாதாரணப் பெரணி. நூறு வருஷத்துக்கு முந்தியே பெயர் வைக்கப்பட்ட பெரணி. வெயிலில் காய்ந்து குறுகிப்போனதைத்தான் நீ புதுசு என்று சொல்லியிருக்கிறாய்.

"சார்கிட்டதான் மொதல்ல எட்த்துகினு போனேன். கட்டுரை அப்ப அச்சுக்குப் போவல. 'வச்சிட்டுப் போ, பாக்கறேன்'னாரு. அப்புறம் கேட்டா, 'செத்துப் போச்சு'ன்னாரு. கட்டுரை வந்ததும் எனக்கு மனசு கேக்கலம்மா. எங்க வூட்ல இருந்த இன்னொரு தொட்டிய எட்த்துகினு போயி புரொபசர் ஐயாகிட்ட காட்டினேன். சேகர் சார் வந்து பாத்துட்டு, நான் ரெண்டு செடிய ஒண்ணா நட்டு வேரப் பின்னி வச்சிருக்கேன்னுட்டாரு. அவரு பேரக் கெடுக்கறதுக்காம். இதான்மா அந்தத் தொட்டி."

"நீ பின்னி வச்சியா?" என்று கேட்டேன். கேட்டதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் உன் பக்கம்தான் முதலில் நின்றேன், அதையும் தெரிந்துகொள்.

அவள் அழவில்லை. "நீங்களே பாத்துக்குங்கம்மா" என்று தொட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். துணி துவைக்கிற கல்லின்மேல் தொட்டியைக் கவிழ்த்தேன். மண்கட்டி அப்படியே பெயர்ந்து வந்தது. வாளித் தண்ணீரில் முக்கி, விரலால் மண்ணைக் கரைத்துக் கரைத்து எடுத்தேன். அவசரப்படவில்லை. உன் நைனா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா அது, காலங்காத்தால சேத்துல வெளயாடற?" என்றார். நான் மண்ணைக் கரைத்துக்கொண்டே இருந்தேன். மண் எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்தது, மண்ணுக்குள் படுத்து ஓடுகிற தண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, மேலெல்லாம் செதில். ஒரு முனையில் உன்னுடைய 'புது இனத்து' இலை, காய்ந்த குட்டி இலை, ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து, அதே தண்டில், பழைய பெரணியின் பச்சை இலை. அதற்கு அடுத்து இன்னும் விரியாத சுருள் ஒன்று. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலை ஓட்டிப் பார்த்தேன். முடிச்சு இல்லை, ஒட்டு இல்லை, பின்னல் இல்லை. ஒரே செடி, சேகர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

தொட்டியில் மறுபடி மண்ணைப் போட்டு அதை நட்டு, கல்லுக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தேன். வசந்தாவுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன். அவள் ஒன்றுக்கு மேல் சாப்பிடவில்லை. அன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். நீ செய்த முதல் தப்புக்காக எனக்குக் கோபம் இல்லை. பெரணியை இனம் பிரிப்பது லேசான வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. பூக்கிற செடி என்றால் பூவைப் பிரித்துப் போட்டு இதழையும் மகரந்தத்தையும் பார்த்துக் குடும்பம் சொல்லிவிடலாம். பெரணி பூக்காது, காய்க்காது, விதை போடாது. பூமியில் பூ என்று ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்ட சாதி அது. தோண்டி எடுக்கிற நிலக்கரியில் அதன் இலை அச்சு இருக்கிறது. அத்தனை காலமாகக் கண்ட கண்ட இடத்தில் பிழைத்து, கண்ட கண்ட ரூபம் எடுத்திருக்கிறது. நீலகிரியில் தென்னை மாதிரி நிமிர்ந்து நிற்பதும் பெரணி. குளத்தில் பாசி மாதிரி மிதப்பதும் பெரணி. கோட்டைச் சுவர் வெடிப்பில் மயில்கொண்டை மாதிரி விரிகிறதும் பெரணி. வரப்பில் கிள்ளிவந்து பருப்போடு கடைகிறோமே, அந்த ஆரைக்கீரையும் பெரணி. இலையின் வெளித் தோற்றத்தை நம்பினால் மோசம்போக வேண்டியதுதான். இலைக்கு அடியில், விதைக்குப் பதிலாக இருக்கிற ஸ்போர்ப் பொட்டுகள் எப்படி ஒட்டியிருக்கின்றன, அவற்றை மூடுகிற சவ்வு எப்படி, தண்டின்மேல் செதில் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டும் பெரிய பெரிய நிபுணர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரே குடும்பம் என்பதை இன்னொருவர் பத்தாக உடைக்கிறார். அதில் நீயும் வழுக்கினால் அது கௌரவமான வழுக்கல். கோடையில் மட்டும் போனாய், மழையில் போய்ப் பார்க்கவில்லை. 'அடடா' என்று தலையில் அடித்துக்கொண்டு திருத்தியிருந்தால், உனக்கு நான் பாயசம் வைத்துக் கொடுத்திருப்பேன்.

ஆரைக்கீரை என்று எழுதினதும் எனக்கு ஏழாம் வகுப்பு சேகர் ஞாபகம் வருகிறான். உனக்கு வருகிறானா? அறிவியல் வாத்தியார் பெரணிக்கு உதாரணம் கேட்டார். நீ எழுந்து ஆரைக்கீரை என்றாய். வகுப்பே சிரித்தது. "கீரை பெரணின்னா கத்திரிக்கா இன்னாடா?" என்று அவர் கேட்டு, ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் போட்டார். நீ மறுபடியும் ஆரைக்கீரை என்றாய். மறுபடியும் போட்டார். வீட்டுக்கு வந்தபோது உன்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன் சண்டைக்கு. நீதான், "நீ வராத, நானே காட்டறேன்" என்றாய். மறுநாள் நந்தி ஆற்றுப் பக்கம் வயல்வரப்பில் இறங்கி, சுருண்ட இளம் இலையோடும், தண்டின் அடியில் அவரை விதை மாதிரி கெட்டியாக இருக்கிற ஸ்போர்ப் பையோடும் ஒரு கொடியைப் பிடுங்கிக்கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தாய். அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "சரி, உக்காரு" என்றாராம். அடித்தது தப்பு என்று சொல்லவில்லையாம். நீ வந்து சொன்னபோது அந்த மனுஷர்மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

இப்போது அவர்மேல் எனக்கு எரிச்சல் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, அடித்தார். செடியைக் கொண்டுவந்து வைத்ததும் உட்காரு என்றாவது சொன்னார். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, செடியைக் கொண்டுவந்து வைத்த பெண்ணை வெளியே போ என்றாய். அவளைத் திருடி என்று சொல்லாத குறைதான்.

பொங்கலுக்கு நீ வந்தபோது நான் இதை எல்லாம் நிதானமாகத்தான் கேட்டேன். கரும்பைக் கடித்துக்கொண்டே நீ சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "யாரும்மா அந்த மலைக்குப் போயி பாக்கப் போறாங்க? பட்டம் கையில வரட்டும், வேலை கெடைக்கட்டும், அப்புறம் நானே சின்னதா ஒரு திருத்தம் போட்டுடறேன்" என்றாய். வசந்தா என்ன ஆவது என்று கேட்டேன். "அவளுக்கு வேற கைடு பாத்துக்கலாம்" என்றாய். அவளை யார் சேர்த்துக்கொள்வார்கள், செடியை ஒட்டவைத்து ஏமாற்றினவள் என்று பெயர் வாங்கினபிறகு? மாட்டிக்கொண்டால் எல்லா ஆண்பிள்ளைகளும் சொல்கிறதையே நீயும் சொன்னாய். "எல்லாம் உனக்காகத்தாம்மா பண்ணேன்."

எனக்காக என்று இன்னொரு முறை சொல்லாதே. நான் கேட்டேனா? என் பெயர் எந்தச் செடியிலும் இல்லாமல்தான் இத்தனை வருஷம் இருந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். உங்கள் பெயர்ச் சட்டம் எனக்கும் தெரியும், சேகர். ஒருமுறை அச்சில் ஏறின பெயர் அழியாது. தப்பு என்று தெரிந்தபிறகும், சரியான பெயருக்குக் கீழே, இதுவும் அதுதான், இந்தப் பெயர் செல்லாது என்று காலமெல்லாம் எழுதிக்கொண்டே இருப்பார்கள். இனி இந்தப் பெரணியைப் பற்றி எவன் எழுதினாலும் அடியில் என் பெயரைச் செல்லாத பெயராகப் போட்டுத்தான் ஆக வேண்டும். இது நீ எனக்குப் பண்ணின மரியாதை. அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்தச் செல்லாத பெயரைக் காப்பாற்றுவதற்கு ஒரு பெண்ணின் படிப்பைப் பலிகொடுத்தாய் பார், அதைப் பொறுக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. காணும் பொங்கலன்று நீ ஊருக்குக் கிளம்பிப்போன பிறகு பின்கட்டுக்குப் போனேன். தொட்டி காலி. உன் நைனாவைக் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதுவா? அவன்தான் புடுங்கிப் போட்டான். செத்த செடி, எறும்பு மொய்க்குதுன்னான்" என்றார். பாவம், அவருக்கு அது களை. குப்பைமேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆடு மேய்ந்துவிட்டிருந்தது. அங்கேயே நின்றேன். நான் பெற்ற பிள்ளை நான் நட்டதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப் போயிருக்கிறான். வெகுநேரம் எனக்கு அழுகைதான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. நல்லவேளை வந்தது.

உனக்கு ஆராய்ச்சி செய்யத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிடுங்கிப்போடுவதற்கு முன்னாலாவது யோசித்திருக்கலாம். அது என்ன கோர்ட்டுப் பத்திரமா, ஒன்றைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது என்று இருக்க? அந்தப் பாறைச் சரிவு முழுக்க அதே செடிதான் நிற்கிறது. ஒவ்வொரு கோடையிலும் குறுகிச் சுருங்கி உன் செடியாகும், ஒவ்வொரு மழையிலும் விரிந்து ஊரான் செடியாகும். நீ எத்தனையைப் பிடுங்குவாய்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு வசந்தா வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவள் நைனா குழியிலிருந்து ஏறி வந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்கம்மா" என்றார். நான் யார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் மோர் கொடுக்கச் சொன்னார். மோரைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"படிச்ச வரிக்கும் போதுங்கம்மா. பெரிய எடத்துல போயி நாங்க இன்னா பேசிகினு நிக்கறது? மாப்ள பாத்துகினு இருக்கறேன். ஆடிக்குள்ள முடிச்சிடலாம்னு இருக்கறேன்."

"அவ பொய் சொல்லலைங்க. நான் கழுவிப் பாத்தேன்" என்றேன்.

"ஆங், எனக்குத் தெரியாதாம்மா? என் தறியாண்டதான அது வளந்துது. நான்தான தண்ணி தெளிச்சேன். ஆனா நாங்க சொன்னா யாரு கேக்கப் போறாங்க?"

உன் பெயர் வாயில் வரவில்லை. 'என் பையன்' என்று சொல்லவும் வரவில்லை. வசந்தா உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் நுண்ணோக்கி முன்னால் உட்கார வேண்டிய பெண் ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நூல் சுற்றுவது கேவலம் என்று சொல்லவில்லை, அந்த வீடே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் அவள் விரும்பி உட்காரவில்லை, நீ உட்கார வைத்தாய்.

நான் அவளைக் கூப்பிட்டேன். அன்றைக்கே இரண்டு பேரும் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறி, சரிவுக்குப் பக்கத்தில் இறங்கி, பாறைக்குப் போனோம். எனக்கு முட்டி வலி, உனக்குத் தெரியும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மழை விட்டுப்போய் அதற்குள் காய்ந்து சுருண்டிருந்த செடிகளாகப் பார்த்து, நீ படம் போட்டிருக்கிறாயே அதே மாதிரியானதாகப் பார்த்து, வேர் அறாமல் தோண்டி எடுத்தோம். சிலதை அவள் தறிக்குழி ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். சிலதை நான் என் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் வைக்கவில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும். பங்குனி வெயிலில் வெளியே ஊரே கருகிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒவ்வொரு தொட்டியிலும் புதுச் சுருள் விரிந்துவிட்டது. ஒரே தண்டில் இரண்டு இலையும் நிற்கின்றன. வசந்தா ஒவ்வொன்றையும் படம் வரைந்திருக்கிறாள். உன்னைவிட நன்றாக வரைகிறாள்.

என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த அத்தியாயத்தை எடுத்தால் ஆய்வேட்டைத் திரும்ப எழுத வேண்டும். பட்டம் தள்ளிப்போகும். உனக்காகக் காலியாக வைத்திருக்கிற கல்லூரி வேலை இன்னொருவனுக்குப் போகும். உனக்குப் பெண் கொடுக்க வந்திருக்கிறவர்கள் யோசிப்பார்கள். உன் நைனா தெருவில் தலைகுனிந்து நடப்பார், முருகனிடம் என்ன சொல்வார் என்று வேறு தெரியவில்லை. நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "அவன் புடுங்கிப் போட்டதை நான் பாத்துகினே உக்காந்திருந்தேனே" என்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் இதுவும் சேர்ந்துகொண்டது.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் பேராசிரியரிடம் நீயே போ. வசந்தா பின்னவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று, இதே வார்த்தையில், மழுப்பாமல் சொல். அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேள். அந்தப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுது, அதில் கண்டுபிடித்தவள் பெயர் வசந்தா என்று போடு. என் பெயரை எங்கேயும் புகழ்ந்து எழுதாதே. இதெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சோறு போட்டுவிட்டுத்தான் திட்டுவேன்.

செய்யாவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்பாய். மிரட்டுவதற்காக எழுதவில்லை, நிஜமாகவே செய்யப்போவதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை இன்றைக்கே தபாலில் போடுகிறேன். வருகிற திங்கட்கிழமை காலை ரயிலில் நான் மெட்ராஸ் வருகிறேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரமாட்டேன், கையில் தொட்டி இருக்கும், மண் ஒட்டும். வசந்தாவும் வருகிறாள். போன வாரமே கேட்டுவைத்தேன், அவள் நைனா முதலில் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. என் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன். நேராக உங்கள் பேராசிரியர் அறைக்குத்தான் வருகிறோம். ஒரு வாளித் தண்ணீர் கேட்பேன். அவர் கண் முன்னாலேயே தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுவேன்.

திங்கட்கிழமைக்குள் நீ பேசிவிட்டால் நான் வாளி கேட்க வேண்டியதில்லை. எது என்பதை நீ முடிவு பண்ணு. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அந்த மாடிப்படி ஏறி வரும்போது நீ வாசலில் நின்றுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்வாய், முட்டி வலிக்கிறதா என்று கேட்பாய். அதெல்லாம் அப்புறம். என்னிடம் வராதே. முதலில் அவளிடம் போய்ப் பேசு.

அம்மா